கட்டணம் 100-க்கு, மாடியில் வருவது 10: பெரிய பிளானுக்கு மாறும் முன் ஒரு கேபிளை மாட்டிப் பாருங்கள்

கடிதத்தின் சுருக்கம்

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கீழும் மேலுமாக இரண்டு தளம் கொண்ட சொந்த வீடு. உள்ளூர் கேபிள் டிவி ஆபரேட்டர் மூலம் ஃபைபர் இணைப்பு வாங்கியிருக்கிறார், பிளான் 100 எம்பிபிஎஸ். ரூட்டர் கீழே ஹாலில், டிவி ஷோகேஸில் கதவு போட்ட தட்டுக்குள் இருக்கிறது. ஹாலில் நின்று செல்போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 38 முதல் 42 வரை காட்டுகிறது. மாடியறையில் 8, 10, சில நேரம் 12. பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் மகள் உட்காருவது அந்த மாடியறையில்தான். மீட்டிங் நடுவே படம் நின்றுவிடுகிறது, குரல் விட்டுவிட்டு வருகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் இன்னும் மோசம். நல்ல மழை பெய்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து இணைப்பே போய்விடுகிறது.

புகார் சொன்னால், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. 300-க்கு மாத்திக்கோங்க, ஆறு மாசம் சேர்த்துக் கட்டினா தள்ளுபடி உண்டு" என்கிறார் ஆபரேட்டர். பக்கத்து வீட்டுக்காரர், வைஃபை அலையை வாங்கித் திருப்பிப் பரப்பும் ரிப்பீட்டர் ஒன்று வாங்கச் சொல்கிறார். அக்கா மகன் டிராயில், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தில், புகார் கொடுக்கச் சொல்கிறார். லேப்டாப்பில் கோப்பு இறங்கும்போது 4 எம்பி என்றுதான் காட்டுகிறது, 100-க்குப் பணம் வாங்கிக்கொண்டு 4 தருவது ஏமாற்று இல்லையா என்றும் கேட்டிருக்கிறார்.

பதில்

அம்மா, ஆறு மாதப் பணத்தை இப்போது கட்டாதீர்கள். உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் தெரிகின்றன. மாடியில் வேகம் இல்லாதது ஒன்று. இரவில் குறைவது இரண்டாவது. மழையில் அறுந்துபோவது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு, பொறுப்பாளியும் வேறு. பெரிய பிளானுக்கு மாறினால் இந்த மூன்றில் ஒன்றுகூடத் தீரும் என்பதற்கு உறுதி இல்லை.

முதலில் அந்த 4 எம்பி கணக்கைப் பார்த்துவிடலாம். பிளானில் சொல்லும் 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட். கோப்பு இறங்கும்போது லேப்டாப் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே உங்கள் பிளான் முழுமையாக வந்தாலும் லேப்டாப்பில் 11 அல்லது 12 எம்பிதான் காட்டும். 4 எம்பி என்றால் 32 எம்பிபிஎஸ். ஹாலில் நீங்கள் அளந்த 38-க்கு இது ஏறக்குறையப் பொருந்துகிறது. 100-ல் 4 வரவில்லை, மூன்றில் ஒரு பங்கு வருகிறது. அதுவும் குறைவுதான். ஆனால் குறைவது எங்கே என்று தெரியாமல் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, எதற்கும் பணம் செலவழிக்கவும் கூடாது.

வீட்டுக்கு வெளியேவா, உள்ளேயா?

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள் போதும். கேட்6 அல்லது கேட்5இ, இரண்டு மீட்டர் நீளம், கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும். அதன் ஒரு முனையை ரூட்டரின் பின்னால் லேன் (LAN) என்று குறித்த துளையிலும், அதாவது லேன் போர்ட்டிலும், மறுமுனையை லேப்டாப்பிலும் மாட்டுங்கள். புதிய மெல்லிய லேப்டாப்புகளில் அந்தத் துளை இருக்காது. அப்படியானால் யூஎஸ்பி 3.0 வகை கிகாபிட் ஈதர்நெட் அடாப்டர் ஒன்று வேண்டும். மகளின் வேலைக்கு அது பின்னாலும் பயன்படும்.

லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இதை மறப்பவர்கள் ஏராளம். கேபிள் மாட்டியிருந்தும் வைஃபை வழியாகவே அளந்துவிடுவார்கள். மகளின் அலுவலக வலைப்பின்னலோடு இணைக்கும் விபிஎன் செயலியையும் நிறுத்துங்கள். அது ஓடினால் அளவு முழுவதும் நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றி வரும். டிவியையும் மற்ற போன்களையும் ஐந்து நிமிடம் துண்டித்து வையுங்கள். பிறகு ஸ்பீடு டெஸ்டை மூன்று முறை போட்டு நடு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை 6 மணி, மதியம் 3 மணி, இரவு 9:30 என மூன்று வேளை, மூன்று நாள் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் திரையைப் படமெடுத்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பீடு டெஸ்ட் செயலி தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பல நேரம் உங்கள் ஆபரேட்டரின் சொந்த வலைப்பின்னலுக்குள்ளேயே இருக்கும். அங்கே 95 காட்டிவிட்டு வெளியே 20 தரும் இணைப்புகள் உண்டு. ஆகவே சர்வர் பட்டியலைத் திறந்து சென்னையில் வேறொரு நிறுவனத்தின் சர்வர், மும்பையில் ஒன்று என்று மாற்றியும் அளந்து பாருங்கள்.

எல்லா வேளையிலும் 90 முதல் 95 வந்தால், ஆபரேட்டர் சொன்னது உண்மை. குறை வீட்டுக்குள் வைஃபையில் இருக்கிறது. முழு 100 ஏன் வரவில்லை என்று வருந்த வேண்டாம். 100 எம்பிபிஎஸ் லேன் போர்ட்டில் தரவோடு சேர்ந்து போகும் தலைப்புத் தகவல்கள் கழிந்து 94, 95 வருவதே முழு அளவு.

காலையில் 90, இரவில் 25 என்றால், ஆபரேட்டரின் பக்கம் நெரிசல். எப்போதும் 40-ஐத் தாண்டவில்லை என்றால், இணைப்பிலோ கணக்கின் அமைப்பிலோ கோளாறு. ஃபேர் யூசேஜ் வரம்பு, அதாவது தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடும் மாத அளவு, முடிந்துவிட்டதா என்று ஆபரேட்டரின் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். "அன்லிமிடெட்" என்று விற்கும் பிளான்களிலும் மாதம் 3,300 ஜிபி போன்ற வரம்பு இருப்பது வழக்கம். வீட்டுப் பயன்பாட்டில் அதைத் தொடுவது அரிது. ஆனாலும் சிறிய வரம்புள்ள பழைய பிளானிலேயே சிலர் தொடர்வதால் சொல்கிறேன்.

ஹாலிலேயே 40 ஏன்?

இந்த எண்தான் என்னைச் சந்தேகப்பட வைக்கிறது. எப்போது அளந்தாலும் 38 முதல் 42 வரை நிற்கிறது என்றால், உங்கள் பெட்டியின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற பழைய அலைவரிசையில் மட்டும் ஓடுவதாக இருக்க வாய்ப்பு அதிகம். சிறு நகரங்களில் கேபிள் ஆபரேட்டர்கள் இலவசமாகத் தரும் பல ஓஎன்டி பெட்டிகள் (ஃபைபர் வயர் வந்து சேரும், வைஃபையும் தரும் பெட்டி) இந்த வகைதான். 2.4-ல், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ஒரு சாதாரண போன் ரூட்டரோடு பேசும் உச்சவேகமே 72 எம்பிபிஎஸ். அதில் கைக்குக் கிடைப்பது ஏறத்தாழப் பாதி. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். தெருவில் உள்ள எல்லா வீட்டு ரூட்டர்களும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அந்த மூன்றைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. இரவில் வேகம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அதனால்தான் இரவு அளவையும் கேபிளில் எடுக்கச் சொன்னேன்.

இப்போது 300 எம்பிபிஎஸ் பிளானை இந்தப் பெட்டியோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து 300 வந்தாலும் போனுக்கு அதே 40-தான் போகும். பெட்டியின் லேன் போர்ட்டுகளும் 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால் கேபிளிலும் 95-ஐத் தாண்டாது. லேப்டாப்பில் கேபிள் மாட்டியிருக்கும்போது விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பகுதிக்குப் போனால் லிங்க் ஸ்பீடு தெரியும். 1000/1000 என்றால் கிகாபிட். 100/100 என்று இருந்தால் வேறு போர்ட்டிலும் வேறு கேபிளிலும் ஒருமுறை பாருங்கள், ஏனென்றால் கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தாலும் கிகாபிட் போர்ட் 100-க்கு இறங்கிவிடும். எந்த போர்ட்டிலும் 100-தான் என்றால் அந்தப் பெட்டியின் எல்லையே அவ்வளவுதான். பெட்டியை மாற்றாமல் உங்களுக்கு 300 விற்பது நியாயமான வியாபாரம் இல்லை, இதை ஆபரேட்டரிடம் நேராகவே சொல்லலாம்.

பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. போனின் வைஃபை பட்டியலில் உங்கள் பெயரோடு "5ஜி" என்று சேர்ந்த இன்னொரு பெயர் தெரிகிறதா? அது செல்போன் கம்பெனிகளின் 5ஜி இல்லை, வைஃபையின் இரண்டாவது அலைவரிசை. இருந்தால் ஹாலில் அதில் சேருங்கள், வெளியிலிருந்து வரும் இணைப்பு சரியாக இருந்தால் 90-ஐ ஒட்டி வர வேண்டும். தெரியவில்லை என்றால் பெட்டியின் அடியில் உள்ள முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, உலாவியில் போட்டு உள்ளே போய் வைஃபை பகுதியைப் பாருங்கள். இரண்டும் ஒரே பெயரில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கவும் கூடும். உள்ளே போகும்போதே நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன என்றும் எண்ணிப் பாருங்கள்.

பெட்டியை ஷோகேஸிலிருந்து வெளியே எடுங்கள். கதவும் முன்னால் உள்ள டிவியின் உலோகத் தகடும் அலையை மறைக்கின்றன. மூடிய தட்டில் சூடும் ஏறும், சூடேறிய பெட்டி தானாக நின்று திரும்ப எழும். தரையிலிருந்து ஐந்தாறு அடி உயரத்தில், பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய கண்ணாடி இவற்றிலிருந்து விலகி, முடிந்தால் மாடிப்படி திறப்பு தெரியும் இடத்தில் வையுங்கள். இடம் மாற்றும்போது ஃபைபர் வயரை நீங்களாக இழுக்க வேண்டாம். ஆபரேட்டரின் ஆளை நீளமான பேட்ச் கார்டு, அதாவது இரு முனையும் போட்ட ஃபைபர் வயர், கொண்டுவரச் சொல்லுங்கள். பவர் அடாப்டர் பழையதுதானா என்றும் பாருங்கள். 12 வோல்ட் 1.5 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு 0.5 ஆம்பியர் அடாப்டரை மாட்டி ஓட்டினால், விளக்குகள் எல்லாம் எரியும், ஆனால் வைஃபையில் சுமை ஏறும்போது பெட்டி விழுந்து விழுந்து எழும்.

மாடியறைக்கு என்ன வழி?

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கீழேயிருந்து மாடியறைக்கு ஒரு கேட்6 கேபிள் இழுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தை வைஃபை சரியாகக் கடக்காது. 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் மோசமாகத் தேயும். நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா அலையைப் பக்கவாட்டில்தான் அதிகம் பரப்பும், நேர் மேலே அதற்கு வீச்சு குறைவு. கீழே எவ்வளவு விலையுயர்ந்த ரூட்டர் வைத்தாலும் இந்த இரண்டையும் முழுதாக வெல்ல முடியாது.

பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடுதான் ரிப்பீட்டரைச் சொல்கிறார். ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திருப்பிக் கொடுக்கும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கிவிடும். மாடியறையில் வருவதே 10 என்றால், அங்கே வைத்த ரிப்பீட்டர் அந்தப் பத்தைத்தான் திருப்பிப் பரப்பும். போனில் கோடுகள் நிறையத் தெரியும், வேகம் இருக்காது. மீட்டிங்குக்கு இன்னும் கெடுதல், ஏனென்றால் ஒவ்வொரு தாவலிலும் தாமதம் கூடும். வேறு வழியே இல்லை, வாடகை வீடு, சுவரைத் தொடக்கூடாது என்பவர்கள் இரட்டை அலைவரிசை ரிப்பீட்டரைப் படிக்கட்டுத் திருப்பத்தில் வைக்கலாம். உங்களுக்குச் சொந்த வீடு, கேபிளே இழுக்கலாம்.

உங்கள் வீட்டுக்கு 15 முதல் 20 மீட்டர் போதும். 100 மீட்டர் வரை வேகம் குறையாது. முழுச் செம்புக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் கடைகளில் நிறைய இருக்கிறது. அது வளைத்தால் உடையும், முனையில் பிடிப்பும் நிற்காது. மின்சார வயர் போகும் அதே குழாயில் இதைப் போடக் கூடாது, தனிக் குழாயில் படிக்கட்டுப் பக்கமாகக் கொண்டுபோங்கள். வீட்டுக்கு வெளியே சுவரில் போட்டால் வெயில் உறையை வெடிக்க வைக்கும், இடி மின்னலின்போது இரு பக்கக் கருவிகளும் போகலாம். ஆர்ஜே45 முனைகளை இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் அடிக்கச் சொல்லுங்கள்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. நான்கு கம்பி மட்டும் போட்டாலும் 100 வரை ஓடும், அதனால் சிலர் நாலோடு நிறுத்திவிடுவார்கள். எட்டையும் போடச் சொல்லுங்கள்.

மகளின் லேப்டாப்பை அந்தக் கேபிளிலேயே நேராக மாட்டிவிட்டால் அலுவலக வேலை முடிந்தது. மாடியில் போனுக்கும் வைஃபை வேண்டும் என்றால், கிகாபிட் போர்ட் உள்ள ஒரு இரட்டை அலைவரிசை ரூட்டர் வாங்கி, செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு, அதாவது வைஃபை மட்டும் தரும் முறைக்கு, மாற்றுங்கள். அந்த முறை இல்லாத ரூட்டர் என்றால் அதன் முகவரியை 192.168.1.2 என்பதுபோல மாற்றி, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை அதன் வான் (WAN) போர்ட்டில் இல்லாமல் லேன் போர்ட்டில் மாட்ட வேண்டும். இதைச் செய்யாமல் அப்படியே மாட்டினால் இரண்டு ரூட்டர்களும் முகவரி கொடுக்கப் போட்டி போட்டு, "நெட் இருக்கு, ஆனா வரல" என்ற நிலை வரும். கீழே உள்ள அதே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் போன் மாடியேறும்போது தானாக மாறிக்கொள்ளும்.

மீட்டிங்குக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பதிலும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. தெளிவான வீடியோ மீட்டிங்குக்கு 3 முதல் 4 எம்பிபிஎஸ் போதும். 4கே படம் ஓடும் டிவிக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15. மாடியில் 10 வந்தும் மீட்டிங் உடைகிறது என்றால் அங்கே குறைவது வேகம் இல்லை, சீர்மை. இணையத்தில் தரவு சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகிறது, அவை தொலைகின்றன அல்லது தாமதமாக வருகின்றன. மாடியறையிலிருந்து 192.168.1.1-க்கு 50 முறை பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். கேபிளில் ஒரு மில்லிநொடிக்குள் பதில் வர வேண்டும், ஒன்றும் தொலையக் கூடாது. வைஃபையில் 100, 200 என்று குதித்தாலோ சில விழுந்தாலோ காரணம் வீட்டுக்குள்தான். கேபிளிலும் மீட்டிங் உடைந்தால் அப்லோடைப் பாருங்கள். வீட்டிலுள்ள போன்கள் புகைப்படங்களைக் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தாலும், கேமரா பதிவு வெளியே போய்க்கொண்டிருந்தாலும் அப்லோடு வழி நிரம்பி, மகளின் குரல் வரிசையில் காத்து நிற்கும். போட்டோ பேக்கப்பை இரவுக்குத் தள்ளிவையுங்கள்.

மழையும் சிவப்பு விளக்கும்

சிவப்பு விளக்கு என்றால் ஒளிச் சைகை பெட்டிக்கு வரவில்லை. ஃபைபரில் போவது ஒளி, மழை அதை ஒன்றும் செய்யாது. கம்பத்தில் உள்ள இணைப்புப் பெட்டியிலோ முனையிலோ நீர் புகுவதும், காற்றில் ஆடி வயர் மடங்குவதும்தான் காரணம். பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் ஆப்டிகல் பகுதியில் ஆர்எக்ஸ் பவர் என்ற எண் இருக்கும், பெட்டிக்கு வந்துசேரும் ஒளியின் அளவு அது. மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் வரை நிம்மதியான அளவு. மைனஸ் 27 எல்லை. மைனஸுக்குப் பின் வரும் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்குகிறது, 3 கூடினால் ஒளி பாதியாகிறது. வெயில் நாளில் ஒருமுறை, மழை நாளில் ஒருமுறை இதைப் படமெடுத்து வையுங்கள். மைனஸ் 22 மழையில் மைனஸ் 28 ஆகிறது என்று காட்டினால், "எங்க பக்கம் சரியா இருக்கு" என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஒளி மங்கினால் வேகம் படிப்படியாகக் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லைக்குள் இருக்கும்வரை வேகம் குறையாது. எல்லையைத் தாண்டினால் பிழைகள் பெருகி, பிறகு ஒரேயடியாக அறுந்துபோகும். ஆகவே உங்கள் 40-க்கும் இந்த மழைக் கோளாறுக்கும் பெரும்பாலும் தொடர்பு இருக்காது.

ஜன்னல் கதவு நசுக்கும் இடம், ஆணி அடித்த இடம், கூர்மையாக மடித்துக் கட்டிய இடம் ஏதேனும் வீட்டுக்குள் உண்டா என்று கண்ணால் பாருங்கள். முனை நிறமும் முக்கியம். பச்சை முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீல முனை நேராகத் தேய்த்தது. பச்சையை நீலத்தோடு மாட்டினால் ஒளி நிறைய வீணாகும். முனையைக் கழற்றி உள்ளே பார்க்காதீர்கள், விரலால் துடைக்காதீர்கள். உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது.

புகார்: யாரிடம், எப்படி?

கேபிளில் எடுத்த இரவு அளவு தொடர்ந்து குறைவாக இருந்தால், அல்லது மழைக் கோளாறு திருத்தப்படாவிட்டால், உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அக்கா மகன் சொன்னதில் ஒரு திருத்தம்: டிராய் தனிப்பட்ட வாடிக்கையாளரின் புகாரை விசாரிப்பதில்லை. அது விதிகளை வகுக்கும் அமைப்பு. 2012-ல் அது கொண்டுவந்த புகார் தீர்வு விதிகளின்படி முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிய வேண்டும், அவர்கள் டாக்கெட் எண் (புகார் பதிவு எண்) தர வேண்டும். தீர்வு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கேபிள்காரரிடம் வாட்ஸ்அப்பில் சொன்னது புகார் ஆகாது. அவர் பெரும்பாலும் முகவர் மட்டுமே. பில்லில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அதற்குத்தான் உரிமம், அங்கேதான் டாக்கெட் எண் வாங்க வேண்டும். "நெட் ஸ்லோவா இருக்கு" என்று பதியாதீர்கள். "வைஃபை இல்லாமல் லேன் கேபிளில், காலை 6 மணிக்கு இவ்வளவு, இரவு 9:30-க்கு இவ்வளவு, மூன்று நாள் படங்கள் இணைப்பில்" என்று எழுதுங்கள். ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லும் வழக்கமான பதிலுக்கு அதில் இடம் இருக்காது.

அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. ஆனால் மாதம் சில நூறு ரூபாய் இணைப்புக்கு அந்த நடையும் நேரமும் தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் இன்னொரு ஃபைபர் நிறுவனம் இருந்தால் மாறுவது விரைவான வழி. மாதக் கட்டணத்தில் இருக்கும்வரை அந்தக் கதவு திறந்திருக்கும். ஆறு மாதம் முன்பணம் கட்டினால் அதை நீங்களே சாத்திக்கொள்கிறீர்கள். மாறுவதென்றால் பெட்டி, அடாப்டர் இரண்டையும் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், டெபாசிட் கட்டியிருந்தால் திரும்பக் கேளுங்கள்.

மாடிக்குக் கேபிள் இழுக்க எலக்ட்ரீசியன் வர நான்கைந்து நாள் ஆகலாம். அதுவரை முக்கியமான மீட்டிங் உள்ள நேரங்களில் மகள் ஹாலில், நீங்கள் சோதனைக்கு வாங்கிய அந்த இரண்டு மீட்டர் கேபிளை மாட்டிக்கொண்டு உட்காரட்டும். இணைப்பு அப்போதும் உடைந்தால், நேரத்தைக் குறித்து அந்தப் புகாரிலேயே சேர்த்துவிடுங்கள்.